கையில் பிடிக்கும் பெருவடிவ பிலிம் கேமரா: பூனாகலை மலைச்சரிவுகளை முன்வைத்து

சுருள் பிலிமுக்குப் பதிலாக, 4 அங்குலத்துக்கு 5 அங்குலமோ அதைவிடப் பெரிதோ ஆன தனித்தனி பிலிம் தாள்களில் படம் எடுக்கும் கேமராவைப் பெருவடிவக் கேமரா என்பார்கள். 4க்கு 5 அங்குலத் தாளில் பதியும் படத்தின் பரப்பு, வழக்கமான 35 மிமீ பிலிமின் ஒரு சட்டத்தைப் போல ஏறத்தாழ 13 மடங்கு. இவ்வகைக் கேமராக்களில் பெரும்பாலானவை முக்காலிக்காகவே செய்யப்பட்டவை. முக்காலியை விட்டுவிட்டு, கழுத்தில் மாட்டி நடந்து, கண்ணுக்கு நேரே பிடித்துச் சொடுக்கும்படி எடை குறைத்துச் செய்யப்பட்டவை ஒரு தனிக் கிளை. இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளை மாவட்டத்துப் பூனாகலை போன்ற தோட்டங்களில் இக்கிளைக்குத் தனிப் பொருத்தம் உண்டு. அங்கே முக்காலியை ஊன்றச் சமதரை கிடைப்பதில்லை. படத்தில் விழ வேண்டியவர்களுக்கும் நின்று காத்திருக்க நேரம் கிடைப்பதில்லை.

பெரிய தகடும் தேயிலை மலையும் ஒன்றுக்கொன்று புதியவை அல்ல. கண்டியில் 1870களில் ஸ்டூடியோ நடத்திய சார்ல்ஸ் ஸ்கோவன், கொழும்பின் ஸ்கீன் நிறுவனம், 1890இல் தொடங்கிய பிளாட்டே நிறுவனம் ஆகியவை கண்ணாடித் தகடுகளில் எடுத்த கோப்பி, தேயிலைத் தோட்டப் படங்கள் ஆல்பங்களாகவும் அஞ்சலட்டைகளாகவும் உலகெங்கும் போயின. புகழ்பெற்ற ஆங்கிலப் படக்கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1875இல் இலங்கைக்குக் குடிவந்து, 15 அங்குலத்துக்கு 12 அங்குலத் தகடுகளில் களுத்துறைப் பக்கத்துத் தமிழ்த் தொழிலாளரையும் சிங்களவரையும் படம் எடுத்தார். 1879இல் டிக்கோயாவில் இறந்தார். அவருடைய இலங்கைப் படங்களில் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அவர் கையாண்டது ஈரத்தகட்டு முறை. கண்ணாடியில் கொலோடியன் பூசி, வெள்ளி உப்பில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள், அதாவது சில நிமிடங்களுக்குள், படம் எடுத்துக் கழுவி முடித்துவிட வேண்டும். இருட்டறையே கூட வர வேண்டிய அந்த வேலையை மலைச்சரிவில் செய்வது மிகக் கடினம். எனவே பெரும்பாலும் தோட்டத்து மக்கள்தான் கேமரா இருந்த இடத்துக்கு வரவழைக்கப்பட்டார்கள். ஸ்டூடியோத் திரைக்கு முன்னும், பங்களா முற்றத்திலும், ரோட்டோரத்திலும் கூடையோடு நிற்க வைக்கப்பட்ட அந்தப் பெண்களுக்குப் படத்தின் அடியில் பெயர் எழுதப்படவில்லை. ‘தமிழ்க் கூலி’, ‘கொழுந்து பறிப்பவர்’ என்ற வகைப்பெயரே எழுதப்பட்டது.

அந்தப் படங்களில் இன்னொரு குறையும் உண்டு. அதை அறியாமல் அவற்றை இன்று பார்ப்பது நியாயமாகாது. பழைய தகடுகள் நீல ஒளியையும் புறஊதாக் கதிரையும் மட்டுமே உணர்ந்தன. சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் அவற்றுக்கு ஏறக்குறைய இருட்டு. அதனால் வானம் வெறும் வெள்ளையாக வெளுத்தது, தேயிலைச் செடி கரும்பச்சையையும் தாண்டிக் கறுத்தது, மாநிறத் தோல் உண்மையில் இருந்ததைவிட மிகக் கருமையாகி முகத்தின் நுணுக்கம் மறைந்தது. நூற்றாண்டுக்கு முந்திய படங்களில் நம் பாட்டிமாரின் முகங்கள் நிழல்போலத் தெரிவதற்கு வறுமையும் வெயிலும் மட்டும் காரணமல்ல, தகட்டின் இரசாயனமும் காரணம். இன்றைய கறுப்பு வெள்ளைத் தாள் பிலிம், உதாரணமாக இல்ஃபோர்ட் நிறுவனத்தின் எச்பி5 பிளஸ், எல்லா நிறங்களையும் உணரும். மஞ்சள் கலந்த பச்சை வடிகட்டி ஒன்றை லென்ஸின்முன் மாட்டினால், கொழுந்தும் முற்றிய இலையும் வெவ்வேறு சாயலில் பிரிந்து தெரியும்.

பெரிய கேமராவைக் கைக்குக் கொண்டுவந்தவர்கள் பத்திரிகைப் படக்காரர்கள். அமெரிக்காவில் 1912இல் வந்த ஸ்பீட் கிராஃபிக் பல பத்தாண்டுகள் அவர்களின் அடையாளமாக இருந்தது. 1945இல் ஜோ ரோசந்தால் இவோ ஜிமா தீவில் எடுத்த கொடிப் படம் அதில் எடுக்கப்பட்டதே. அதன் பின்புறத் திரை ஷட்டரை நீக்கி எடை குறைத்த கிரவுன் கிராஃபிக் 1947இல் வந்தது. இரண்டின் தயாரிப்பும் 1973க்குள் நின்றது. லென்ஸோடு சேர்த்து 2 கிலோவைத் தாண்டும் கிரவுன் கிராஃபிக்கை எடை குறைந்தது என்று சொல்ல, முன்னிருந்தவற்றின் எடை தெரிந்திருக்க வேண்டும். ஜெர்மனியின் லின்ஹாஃப் டெக்னிக்கா துல்லியத்தில் இதைவிட மேல், எடையிலும் மேல். உண்மையான எடைக்குறைப்பு அண்மையில்தான் வந்தது. 2013இல் அமெரிக்காவில் பொதுமக்களிடம் நிதி திரட்டிச் செய்யப்பட்ட டிராவல்வைட், துருத்தியே இல்லாத பிளாஸ்டிக் கூம்பு. அகலக்கோண லென்ஸ் ஒன்றை முன்னே பொருத்தி, திருகு வளையத்தால் குவியம் சரிசெய்யலாம். பிறகு முப்பரிமாண அச்சு இயந்திரங்கள் பரவவே, இப்படிப்பட்ட உடற்பெட்டியைத் தாமே அச்சிட்டுக்கொள்வோர் பெருகினர்.

இத்தகைய பெட்டிகளுக்கு மிகவும் உகந்தது ஷ்னைடர் நிறுவனத்தின் பழைய 90 மிமீ ஆங்குலோன். சிறியது, இலேசானது, முழுத்திறப்பு எஃப் 6.8. அந்தத் திறப்பில் மூலைகள் மங்கும் என்பதால், எஃப் 16க்கு மூடிப் பயன்படுத்துவதே வழக்கம். மூடுவதில் இன்னொரு பயனும் உண்டு. எஃப் 16இல் குவியத்தை 5 மீட்டரில் நிறுத்திவைத்தால், சுமார் இரண்டரை மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய மலைமுகடு வரை தெளிவாக விழும். முன்னால் கொழுந்தெடுப்பவர், நடுவில் லயம் எனும் தொழிலாளர் வரிசைவீடு, பின்னால் லிப்டன் சீட் பக்கத்து முகடு என மூன்றையும் ஒரே தாளில் பிடிக்கலாம். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துத் தேய்த்த கண்ணாடியில் தலைகீழ்ப் பிம்பம் பார்க்கும் வேலை இங்கே இல்லை. மேலே பொருத்திய கம்பிச்சட்டத்தின் வழியே சட்டகத்தைக் கணித்தாலே போதும். ஆனால் லென்ஸுக்கும் கம்பிச்சட்டத்துக்கும் உயர வேறுபாடு இருப்பதால், அருகிலிருப்பவரின் தலை வெட்டுப்படாமல் மேலே கொஞ்சம் இடம் விட வேண்டும். இரண்டு மீட்டருக்குள் முகம் மட்டும் எடுக்க இந்த ஏற்பாடு உதவாது; அதற்குத் தூரமானி பொருத்திய கிராஃபிக்தான் சரி.

கை நடுக்கம் பற்றிப் பரவலாக ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பெரிய பிலிமை அதிகம் பெருப்பிக்க வேண்டியதில்லை, ஆகவே நடுக்கம் தெரியாது என்பார்கள். 16 அங்குலத்துக்கு 20 அங்குலப் பிரதிக்கு 4 மடங்கு பெருப்பித்தால் போதும் என்பது உண்மைதான். ஆனால் அதே காட்சியை அடக்க லென்ஸும் நீளமாக வேண்டியிருப்பதால், கை ஒரு பாகை அசைந்தால் படத்தில் ஏற்படும் இழுப்பு, விகித அளவில், சிறிய கேமராவில் ஏற்படுவதற்குச் சமமே. பெரிய தாளின் முழு நுணுக்கமும் வேண்டுமானால் ஷட்டர் வேகத்தை நொடியில் 125இல் ஒரு பங்குக்குக் கீழே விடக்கூடாது. சாதகமான விடயம், லென்ஸுக்குள்ளேயே இருக்கும் இதழ் ஷட்டர். கண்ணாடி எகிறி அடிக்கும் அதிர்ச்சி அதில் கிடையாது.

இந்த வேகம் பூனாகலை வெளிச்சத்துக்குப் போதுமா? மேகம் மூடிய பகலில் ஐஎஸ்ஓ 400 பிலிமுக்கு எஃப் 11, நொடியில் 125இல் ஒரு பங்கு கிடைக்கும். வெயில் வந்தால் தாராளம். பூனாகலை மத்திய மலைநாட்டின் தெற்கு விளிம்பில், கொஸ்லந்தைப் பள்ளத்தைப் பார்த்தபடி இருப்பதால், பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி நிமிடங்களில் மலையை மறைக்கும். அப்போது ஒளிமானியை ஒவ்வொரு தடவையும் பார்த்தே ஆக வேண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை, கச்சான் காற்று மலையின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு இங்கே உலர்ந்து வீசும் பருவம்தான் படத்துக்கும் சிறந்தது, ஊவாத் தேயிலையின் மணத்துக்கும் சிறந்தது. லயக் காம்பராவுக்குள் கையில் பிடித்து எடுப்பது இயலாது. அங்கே கால் நொடி வரை ஷட்டர் திறந்திருக்க வேண்டும். வாசற்படிக்கு வரச்சொல்லி எடுப்பதே நல்லது.

தாள் பிலிம் இரண்டிரண்டாக, முன்பக்கம் ஒன்று பின்பக்கம் ஒன்றாக, ஹோல்டரில் அடைக்கப்படும். இருட்டில் விரலால் தடவி, ஓரத்து வெட்டுக்குறி வலது மேல்மூலையில் இருந்தால் பூச்சுப்பக்கம் நம்மைப் பார்க்கிறது என்று அறியலாம். மூடுதகட்டின் விளிம்பு வெள்ளையாகத் தெரிந்தால் எடுக்காத தாள், கறுப்பாகத் தெரிந்தால் எடுத்த தாள். ஹோல்டரைச் செருகு, தகட்டை இழு, சொடுக்கு, தகட்டைத் திருப்பிச் செருகு என்ற வரிசை கைக்குப் பழகும்வரை படம் எடுக்கப் போகாமல், வெறும் ஹோல்டரோடு வீட்டிலேயே பழகுவது நல்லது. ஐந்து ஹோல்டரின் எடை முக்கால் கிலோவைத் தாண்டும். கிடைப்பதோ பத்துப் படம்.

பத்துப் படம் என்ற இந்த எல்லையை நான் குறையாக நினைக்கவில்லை. தோட்டத்தில் குறித்த கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாட் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். படத்துக்காக ஒரு பெண்ணை நிரையில் கால் மணி நேரம் நிறுத்தினால், அவளுடைய நாட்சம்பளத்தில் கை வைத்ததாகிறது. முக்காலிக் கேமரா அதைத்தான் செய்யும். கையில் பிடிக்கும் கேமரா கானைத் தாண்டி நிரைக்குள் கூடவே இறங்கும். பேசிக்கொண்டே நடந்து, அனுமதி கேட்டு, அவர் நிமிரும் நொடியில் ஒரு தாள் எடுத்தால் போதும். கொழுந்து நிறுக்கும் இடத்திலும், பீலியடியிலும், மாலையில் லயத்து வாசலிலும் அவர்களுக்கே கொஞ்சம் ஓய்வு இருக்கும். நிதானமான முகப்படங்களுக்கு அதுவே வேளை.

தாள் பிலிம் விலை அதிகம். அதனால் சிலர் மருத்துவ எக்ஸ்ரே பிலிமை வெட்டிப் பயன்படுத்துகிறார்கள். மலிவு, மங்கிய சிவப்பு விளக்கில் கையாளலாம். ஆனால் அது சிவப்பை உணராது. பழைய தகடுகள் செய்த அநீதியை ஓரளவு மறுபடியும் நம் தோலுக்குச் செய்யும். முகங்களுக்கு அதைத் தவிர்க்கவே நான் சொல்வேன். கழுவுவதற்கு மலையகத்தில் ஒரு வசதி உண்டு. டெவலப்பர் கரைசலுக்கு உகந்த 20 பாகை செல்சியஸுக்குத் தண்ணீரைக் கொண்டுவரக் கொழும்பில் ஐஸ் தேட வேண்டும். பண்டாரவளைப் பக்கத்தில் தண்ணீர் பெரும்பாலும் அந்தச் சூட்டை ஒட்டியே இருக்கும். எச்பி5 பிளஸைச் சம அளவு நீர் கலந்த ஐடி 11 கரைசலில் 13 நிமிடம் வைத்தால் போதும். ஈரப்பதம்தான் இங்கே பகை. எடுக்காத பிலிமும் கழுவிய நெகட்டிவும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத பெட்டியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

நெகட்டிவ் எங்கே இருக்கிறது என்பது இப்பகுதியில் வெறும் நுட்பக் கேள்வி அல்ல. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும் மண்சரிவு வீடுகளை அழித்தது. வீடு போனால் சுவரில் இருந்த குடும்பப் படமும் போகும். எனவே பிரதியைக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, நெகட்டிவை மலைக்கு வெளியே வைப்பதும், அங்குலத்துக்கு 2,000 புள்ளி அளவில் வருடி 8 கோடிப் புள்ளிகள் கொண்ட கோப்பாகச் சேமிப்பதும் நல்ல வழக்கம். இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கிவரும் நூலகம் நிறுவனம் போன்ற காப்பகங்களில் ஒரு படி சேர்த்துவைக்கலாம். உறையின்மேல் தோட்டம், பிரிவு, தேதியோடு, படத்தில் இருப்பவர் சம்மதித்தால், அவர் சொன்ன எழுத்துக்கூட்டலிலேயே அவர் பெயரையும் எழுத வேண்டும்.