பள்ளிவாசல் விளக்கும் உளூ நீரும்: நம் கடற்கரை முன்னோரின் கணக்கு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



சென்ற ஆண்டு ஒரு நாள் மதரஸாவில் உளூவின் சட்டங்களை நடத்திக்கொண்டிருந்தேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்வார்கள் என்றும், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளிப்பார்கள் என்றும் அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸைச் சொன்னேன். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்ற செய்தி இது. முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு என்று விளக்கியபோது, பின்வரிசையில் இருந்த ஒரு மாணவர் எழுந்தார். "ஹஜ்ரத், ஒரு முத்துன்னா நம்ம குழாயில எவ்வளவு நேரம் வரும்?" என்று கேட்டார்.

என்னிடம் விடை இல்லை. ஆகவே வாளியையும் லிட்டர் குவளையையும் எடுத்துக்கொண்டு உளூச் செய்யும் இடத்திற்குப் போனோம். ஏழு மாணவர்கள் வழக்கம்போல் உளூச் செய்ய, கீழே வாளியை வைத்து அளந்தோம். மிகக் குறைவாகச் செலவிட்டவருக்கு மூன்று லிட்டர். மிக அதிகமாகச் செலவிட்டவருக்கு ஒன்பது. பிறகு மாணவர்கள் என்னைப் பார்த்தார்கள். நானும் செய்தேன். ஐந்து லிட்டர். ஒரு முத்து என்பது ஒரு லிட்டரைக்கூட எட்டாது. இருபது ஆண்டுகளாக இந்த ஹதீஸை நடத்தி வரும் எனக்கு அன்று மாணவர்களின் முகத்தை நேரே பார்க்கக் கூச்சமாக இருந்தது.

நம் முன்னோர் எப்படி அளந்தார்கள், நாம் எப்போது அளக்க மறந்தோம் என்ற தேடலை அன்றுதான் தொடங்கினேன். அதன் பயனே இக்கட்டுரை.

கிணறும் ஹவுளும்

ராமநாதபுரம் சீமையில் நீர் என்றும் எளிதில் கிடைத்ததில்லை. ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றின் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். வைகையோ கடலை அடையும் முன்பே ராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கிவிடும். அந்தச் சில வாரத்து நீரை ஆண்டு முழுதும் காப்பதற்காகவே இம்மண்ணில் கண்மாய்களும் ஊரணிகளும் வெட்டப்பட்டன.

இந்த மண்ணில் எழுந்த பழைய பள்ளிவாசல்களும் அதே அறிவோடுதான் கட்டப்பட்டன. பள்ளிவாசலை ஒட்டி ஒரு கிணறு. அருகில் ஒரு ஹவுள். கிணற்றிலிருந்து நீரை இறைத்து ஹவுளை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு வாளியின் எடையும் இறைப்பவரின் தோளுக்குத் தெரியும். நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், இரண்டு குல்லத் அளவை, அதாவது ஏறத்தாழ 200 லிட்டரை எட்டிய நீர், நிறமோ சுவையோ மணமோ மாறாத வரை அசுத்தம் பட்டாலும் தூய்மை இழக்காது. ஆகவே நிறைந்த ஹவுளைச் சுற்றிப் பலர் அமர்ந்து, கையால் அள்ளி உளூச் செய்ய முடிந்தது. கையால் அள்ளுபவர் தம்மை அறியாமலே அளக்கிறார். குழாயின் கீழ் நிற்பவருக்கு அந்த அளவு இல்லை. அவர் முகம் கழுவும்போதும் தலையைத் தடவும்போதும் நீர் தானாக ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் உளூவில் வீண்விரயம் உண்டு என்று ஸஅத் (ரலி) அவர்களிடம் நபியவர்கள் கூறியதாக இப்னுமாஜாவில் ஒரு செய்தி உள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் இருப்பதாக ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறுவர். எனினும் ஒரு முத்து பற்றிய ஆதாரப்பூர்வமான ஹதீஸும், உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற பொருளில் அஃராஃப் அத்தியாயத்தின் 31-ஆம் வசனம் இடும் கட்டளையும் நமக்குப் போதும்.

விளக்குக்கான எண்ணெய்

நீருக்கு இருந்த கணக்கு ஒளிக்கும் இருந்தது. "பள்ளிவாசல் அல்லாஹ்வின் வீடு, அங்கே சிக்கனம் எதற்கு?" என்று சிலர் கேட்பதுண்டு. பக்தியோடு கேட்கப்படும் கேள்விதான். ஆனால் நம் இமாம்கள் இதற்கு என்றோ விடை எழுதிவிட்டார்கள்.

பள்ளிவாசலுக்கு எண்ணெய் வக்ஃபு செய்யப்பட்டால் அதை எவ்வளவு நேரம் எரிக்கலாம் என்பது ஷாஃபிஈ சட்ட நூல்களில் தனியே ஆராயப்படும் மஸ்அலா. தொழுபவரோ தங்குபவரோ உள்ளே இருந்து பயன்பெற்றால் இரவு முழுதும் விளக்கு எரியலாம். பூட்டிய பள்ளியில் எவருக்கும் பயனின்றி எரிப்பது பொருளை வீணாக்குவதாகும். ஆளில்லாத இரவிலும் பள்ளியின் கண்ணியம் கருதி ஓரிரு விளக்குகள் இருக்கலாம் என்று அனுமதித்த அறிஞர்களும் உண்டு. அந்த அனுமதி ஓரிரு விளக்குகளோடு நின்றது. ஹிஜ்ரி 676-இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்), ஷஅபான் நடு இரவு போன்ற இரவுகளில் பல ஊர்களில் ஏராளமான விளக்குகளை ஏற்றும் வழக்கத்தை, தம் 'அல்மஜ்மூஃ' நூலில் வெறுக்கத்தக்க பித்அத்தாகக் கண்டிக்கிறார்; அதில் பொருள் வீணாவதையும் ஒரு காரணமாகக் காட்டுகிறார். அவர் கண்டித்தது தெருவிளக்கையோ மாளிகை விளக்கையோ அன்று, பள்ளிவாசல் விளக்கைத்தான்.

இந்த எச்சரிக்கையின் வேர் நபிவழியில் உள்ளது. உறங்கச் செல்லும்போது விளக்குகளை அணைத்துவிடுங்கள் என்று நபியவர்கள் கட்டளையிட்டதாக ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார். எலி திரியை இழுத்து வீட்டைக் கொளுத்திவிடும் என்ற அச்சமே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். எனினும், தேவை முடிந்ததும் விளக்கை அணைக்கும் பழக்கத்தை அது முஸ்லிம் வீடுகளில் ஒரு சுன்னத்தாகவே ஆக்கியது. கலீஃபா உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) தம் சொந்த விஷயத்தைப் பேசத் தொடங்கியதும் பொதுச் செலவில் எரிந்த விளக்கை அணைத்துவிட்ட வரலாற்றைப் பள்ளிப் பருவத்திலேயே நாம் கேட்டிருக்கிறோம். பொதுச் சொத்தின் எண்ணெய்த் துளி அவருக்கு அமானிதம்.

நம் முன்னோர் ஏழ்மையினால் சிக்கனமாக இருந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. கீழக்கரையின் பழைய ஜும்ஆ பள்ளிவாசலைப் பாருங்கள். திராவிடக் கட்டடக் கலையில், உருவங்கள் இல்லாமல், பூவும் கொடியும் செதுக்கிய கல் தூண்களோடு நிற்கும் அப்பள்ளி, 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதியின் பெயரோடு சேர்த்துப் பேசப்படுகிறது. கிழவன் சேதுபதிக்கு நெருக்கமானவர், கடல் வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டியவர், உமறுப்புலவரை ஆதரித்தவர். அத்தகைய செல்வர்கள் வாழ்ந்த ஊரில் எண்ணெய்க்குப் பஞ்சம் இருந்திருக்காது. சேதுபதி மன்னர்களும் ஏர்வாடி தர்காவுக்கும் பள்ளிவாசல்களுக்கும் நிலங்களை மானியமாக அளித்தார்கள். அள்ளிக் கொடுத்த கைகள் நிறைய இருந்தன. ஆனால் கொடுத்ததைச் செலவிடுபவர் அளந்தே செலவிட வேண்டும் என்பதைச் சட்டம் வகுத்திருந்தது.

வீடுகளிலும் இதே நிலைதான். ராமேஸ்வரத்தில் 1931-இல் பிறந்த அப்துல் கலாம் தம் இளமையை நினைவுகூரும்போது, மின்சாரமில்லாத தம் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்குகள் இரவு 7 மணி முதல் 9 மணி வரை மட்டுமே எரியும் என்கிறார். மகனின் படிப்பார்வத்தைக் கண்ட தாயார், 11 மணி வரை படிப்பதற்கென அவருக்கு மட்டும் ஒரு சிறு விளக்கைத் தனியே ஒதுக்கினார்களாம். மற்ற நேரம் அளந்து எரித்ததனால்தான் கல்விக்கென்று ஒரு விளக்கு மிஞ்சியது. சிக்கனம் என்றால் கஞ்சத்தனம் என்று எண்ணும் நம் பிள்ளைகளுக்கு இந்த ஒரு செய்தியைச் சொன்னால் போதும்.

கணக்கில்லாத இடத்தில்

நம் முன்னோர் எல்லாவற்றிலும் குறையற்றவர்கள் என்று எழுதினால் அது வரலாறாகாது. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளை இக்கடற்கரை மக்கள், எல்லாச் சமயத்தாரும், பல தலைமுறைகளாக வெட்டியெடுத்தார்கள்; சுவருக்குக் கல்லாக அடுக்கினார்கள், சுண்ணாம்பாகச் சுட்டார்கள். ராமேஸ்வரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. அவற்றில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று நீருக்கடியில் உள்ளன. பவளப்பாறைகளை வெட்டியதே அதற்கு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கூறுகின்றனர். 1986-இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதற்குள் இரண்டு தீவுகளை இழந்துவிட்டோம்.

பள்ளிவாசல் எண்ணெயில் ஒரு துளியைக்கூடக் கணக்கிட்ட அதே சமூகம் கடலில் ஏன் கணக்கிடவில்லை? எண்ணெய்க்கு ஒரு முத்தவல்லி இருந்தார். அவரிடம் கேள்வி கேட்க ஒரு ஜமாஅத் இருந்தது. கடலுக்கு அப்படி எவரும் இல்லை. கேட்க ஆளில்லாத இடத்தில் அமானிதம் என்ற உணர்வு மங்கிவிடுகிறது. இன்று நமக்கு இதுவே பாடம்.

மின்சாரம் வந்த பின்

மின்சாரம் அல்லாஹ்வின் பெரும் அருட்கொடை. ஆனால் அது வந்ததும் அளக்கும் கை மறைந்தது. எண்ணெய் தீர்ந்தால் மோதினாருக்குத் தெரியும். மின்சாரமோ தீர்வதே இல்லை. ஒரு கணக்கைப் பாருங்கள். 40 வாட் குழல் விளக்குகள் பன்னிரண்டு, இஷாவுக்குப் பின் 9 மணி முதல் அதிகாலை 4:30 வரை ஆளில்லாத பள்ளியில் எரிந்தால் ஓர் இரவுக்கு 3.6 யூனிட், ஓராண்டுக்கு 1,314 யூனிட். எவரோ ஓர் ஏழை உண்டியலில் இட்ட காசு, எவரும் காணாத வெளிச்சமாகப் போகிறது.

நீரும் இன்று மின்சாரம்தான். திருச்சிப் பக்கத்துக் காவிரி நீர் நெடுந்தொலைவு குழாய்களில் உந்தப்பட்டு நம் மாவட்டத்திற்கு வருகிறது. நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்க ஆலை அமைத்தோம். அதுவும் மின்சாரத்தால் இயங்குவதே. ஆகவே குழாயை வீணே திறந்து விடுபவர் நீரை மட்டுமல்ல, மின்சாரத்தையும் சேர்த்தே கொட்டுகிறார்.

குளிர்சாதனம் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். கோடையில் முதியவர்கள் புழுக்கத்தில் மயங்கிவிடக் கூடாது என்ற கவலை நியாயமானது. எங்கள் கூட்டம் ஒன்றில் நான் அதை எதிர்த்துப் பேசியபோது, ஒரு பெரியவர் "ஹஜ்ரத், உங்களுக்கு என் வயசு வரட்டும்" என்றார். அவர் சொன்னது சரி. ஆனால் கல் சுவரும் உயர்ந்த கூரையும் திறந்த முற்றமும் தந்த குளிர்ச்சியை விட்டுவிட்டு, கண்ணாடியால் நான்கு பக்கமும் அடைத்துப் புதுப் பள்ளிகளைக் கட்டுவது ஏன்? ஒரு ஸஃப் நிறையாத தொழுகைக்கு முழு மண்டபத்தையும் குளிர்விப்பது ஏன்? தேவைக்குச் செலவிடுவதை மார்க்கம் தடுக்கவில்லை. தேவை எது என்று அளக்கச் சொல்கிறது.

உலக முஸ்லிம்கள் இந்த வழியில் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். மொராக்கோ அரசு தன் பள்ளிவாசல்களில் குறைந்த மின்சாரத்தில் எரியும் எல்.இ.டி. விளக்குகளையும் சூரியத் தகடுகளையும் அமைக்கும் திட்டத்தை நடத்துகிறது. ஜகார்த்தாவின் இஸ்திக்லால் பள்ளிவாசல் மின்சாரத்தையும் நீரையும் சேமிப்பதற்கான பன்னாட்டுச் சான்றிதழை 2022-இல் பெற்றது. நம் மாவட்டத்தின் கமுதியிலோ 2016-லேயே 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைந்துவிட்டது. வெயிலுக்குப் பெயர்போன இச்சீமையில், பள்ளிவாசல் மாடிகள் மட்டும் வெறுமனே காய்கின்றன.

ஆயினும் தகடுகளை வாங்குவதற்கு முன் அளவை மீட்போம். என் வேண்டுகோள் மூன்று.

முதலாவது, ஜமாஅத் வரவு செலவு அறிக்கையில் மின் கட்டணத் தொகையோடு செலவான யூனிட்டையும் எழுதுவோம். சென்ற மாதத்தை விடக் கூடியதா குறைந்ததா என்பதை ஜும்ஆவுக்குப் பின் வாசிப்போம். கேட்க ஆளிருந்தால் அமானிதம் காக்கப்படும்.

இரண்டாவது, இஷாவுக்குப் பின் ஓரிரு விளக்குகள் தவிர மற்றவற்றை அணைக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைப்போம். உளூச் செய்யும் இடத்தில் திருகினால் மெல்லிதாக நீர் வரும் குழாய்களைப் பொருத்தி, வழியும் நீரைத் தென்னைக்கும் வேம்புக்கும் விடுவோம்.

மூன்றாவது வீட்டில் செய்ய வேண்டியது. பெற்றோரே, இந்த வாரம் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு வாளியை வைத்து உங்கள் உளூ நீரை அளந்து பாருங்கள். உரையைவிட அந்த வாளி அதிகம் கற்பிக்கும், எனக்குக் கற்பித்தது.

இப்போது எங்கள் மதரஸாவில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு குவளை உண்டு. என் உளூ ஐந்து லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டருக்கு வந்திருக்கிறது. ஒரு முத்துக்கு இன்னும் வரவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவர் முக்கால் லிட்டரில் முடித்துவிட்டு, என் குவளையை எட்டிப் பார்க்கிறார்.

யா அல்லாஹ், நீ எங்களிடம் ஒப்படைத்த நீரையும் ஒளியையும் கடலையும் மண்ணையும் அமானிதமாகக் காக்கும் தவ்ஃபீக்கைத் தருவாயாக. நாளை மறுமையில் அவை குறித்து விசாரிக்கப்படும்போது எங்களை வெட்கித் தலைகுனிய வைத்துவிடாதே. ஆமீன்.

வஸ்ஸலாம்.