மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் வண்டிகள்

சரித்திரம் என்றவுடன் அரசர்களும், போர்களும், உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு காலத்து மக்கள் தங்கள் அன்றாடக் கருமங்களை எவ்வாறு நடத்தினார்கள், பழுதுபட்டவற்றை எவ்வாறு திருத்திக்கொண்டார்கள் என்பதும் சரித்திரமே அன்றோ? அத்தகைய ஓர் அத்தியாயத்தை, வன்னிப் பெருநிலத்தில் நான் கண்டவாறும் கையாற் செய்தவாறும் இன்று உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன்.

இலங்கையில் 1960ஆம் ஆண்டுகளில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக மோட்டார் வண்டிகளின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977ஆம் ஆண்டில் திறந்த பொருளாதாரம் வரும்வரை, நாட்டுக்குள் முன்னரே வந்துவிட்ட வண்டிகளைப் பேணிக்காப்பது தவிர வேறு வழி பெரும்பாலோர்க்கு இருக்கவில்லை. ஆதலால் ஒஸ்ரின், மொறிஸ் முதலிய ஆங்கிலேயக் கார்கள், அவை பிறந்த நாட்டிலே காட்சிப் பொருள்களாகிவிட்ட பின்னரும், நம் ஊர்ச் சந்திகளில் வாடகைக் கார்களாக நின்றன. கிளிநொச்சிக் குடியேற்றத்தில் நெற்செய்கை பண்ணிய என் தந்தையாரும் அத்தகைய ஒரு வண்டியை வைத்திருந்தார். அது ஒஸ்ரின் ஏ-40 சொமசெற். அந்த வகை 1952 முதல் 1954 வரை மட்டுமே செய்யப்பட்டது. கல்யாணத்துக்கும் அதுதான், ஆஸ்பத்திரிக்கும் அதுதான்.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டது. வடபகுதி மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல், பற்றரி, உதிரிப்பாகங்கள் முதலியன தடைப்பட்டன. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்திய அளவில் வந்தது. கள்ளமாகக் கிடைத்த பெற்றோல் போத்தல் கணக்கில் விற்பனையாயிற்று. அதன் விலையைக் கேட்டவர்கள் சைக்கிளே போதும் என்று திரும்பினார்கள். ஆயினும் நோயாளியையும் பிரசவ வேதனைப்படும் தாயையும் சைக்கிளில் ஏற்றிப் பல மைல் செல்வது எப்படி? இந்தக் கேள்விக்கு விடையாகவே பெற்றோற் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின.

இந்த வித்தை வானத்திலிருந்து விழுந்ததன்று. நம் கமக்காரர் தோட்டங்களுக்கு நீரிறைத்த சிறு யந்திரங்கள் பெற்றோலிற் புறப்பட்டு, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாறி ஓடுபவை. வெளிநாடுகளிலும் இது புதிதன்று. 1917இல் அமெரிக்காவில் வெளிவந்த போர்ட்சன் உழவு யந்திரம் இதே முறையில் இயங்கியது. இரண்டாம் உலக மகாயுத்த காலத்திற் பெற்றோல் தட்டுப்பட்டபோது, சென்னை மாகாணத்து பஸ்கள் கரிவாயுவில் ஓடின. தட்டுப்பாடு எங்கு வந்தாலும் மனிதன் கைகட்டி நிற்பதில்லை.

மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் எளிதில் ஆவியாவதில்லை. குளிர்ந்த யந்திரத்தில் அது பற்றாது. ஆகவே காபரேற்றருக்குப் போகும் குழாயில் ஒரு சிறு திருகைப் பொருத்தி, ஒரு பக்கம் மண்ணெண்ணெய்த் தாங்கியையும், மறுபக்கம் சிறு பெற்றோற் போத்தலையும் இணைத்தோம். ஆஸ்பத்திரியிற் கழித்துவிடும் சேலைன் போத்தலும் அதன் குழாயும் இதற்கு வெகு பொருத்தம். புறப்படும்போது பெற்றோல், யந்திரம் நன்கு சூடேறியதும் திருகைத் திருப்பி மண்ணெண்ணெய். நிறுத்துவதற்குச் சற்று முன்னர் மீண்டும் பெற்றோலுக்கு மாறவேண்டும். மறந்தால் காபரேற்றரின் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கிவிடும். மறுநாட் காலையில் அதைக் கழற்றித் துடைக்காமல் வண்டி அசையாது.

மண்ணெண்ணெய் யந்திரத்துள் முன்கூட்டி வெடித்து முட்டும் இயல்புடையது. பழைய கார்களில் அமுக்க விகிதம் குறைவு. ஏ-40இல் அது ஏழுக்குச் சற்று மேல். இக்காலக் கார்கள் பலவற்றில் அது பத்துக்கு மேல். இந்தக் குறைந்த அமுக்கமே எங்களைக் காப்பாற்றியது. அதற்கும் மேலாகத் தீப்பொறி விழும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளி வைத்தோம். பற்றரி செத்துக் கிடந்த நாட்களில் தென்னந்தோட்டத்துச் சரிவில் வண்டியைத் தள்ளி இயக்கினோம்; உள்ள பற்றரியிற் சிறிது உயிர் இருந்தால், அதைத் தீப்பொறிக்கென்று மிச்சம் பிடித்து, முன்புறம் இரும்புக் கைபிடியைச் செருகிச் சுழற்றினோம். கைபிடியைப் பற்றும்போது பெருவிரலைச் சுற்றிப் பிடிக்கக்கூடாது. யந்திரம் திருப்பி உதைத்தால் எலும்பு முறியும். இதுதான் என் தந்தையார் எனக்குச் சொல்லித்தந்த முதற் பாடம்.

கரி படிந்த பிளக்கை இரண்டொரு பிரயாணத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுரண்டினோம். பொயின்ற் தேய்ந்தால் நகம் தீட்டும் அரத்தால் உராய்ந்து, இடைவெளியைச் சரிபார்த்தோம். கிழிந்த காஸ்கற்றுக்குத் தடித்த மட்டையை அளவாக வெட்டி எண்ணெயில் ஊறவைத்தோம். தாங்கி கசிந்தால் சவர்க்காரத்தைப் பிசைந்து அடைத்தோம். சவர்க்காரம் பெற்றோலிற் கரைவதில்லை. ஆனால் அந்நாளில் சவர்க்காரமும் எளிதிற் கிடைக்காத பொருளாகையால், வீட்டில் இருந்த துண்டு காருக்குப் போயிற்று என்று தாயார் முறையிடுவார்.

1996ஆம் ஆண்டில் கிளிநொச்சி நகரை விட்டு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். நாங்களும் ஸ்கந்தபுரம் பக்கம் சென்று கொட்டில் அமைத்தோம். மரநிழலிற் பள்ளிக்கூடம் நடந்தது. அப்பொழுது நான் இளம் ஆசிரியன். தந்தையார் நோய்ப்பட, வண்டி என் பொறுப்பில் வந்தது. கலைப்பட்டதாரியான எனக்கு யந்திர சாத்திரம் தெரியாது. ஆயினும் தெரியும் என்று எண்ணிக்கொண்டேன். எண்ணெய் மட்டத்தைக் கோலை இழுத்துப் பார்த்தபோதெல்லாம் அது குறையாமல் நின்றது. சிலவேளை ஏறியும் இருந்தது. எஞ்சின் ஒயில் அரிதான காலத்தில் இது அதிர்ஷ்டம் என்று மகிழ்ந்தேன்.

மலேரியா வன்னியைப் பீடித்திருந்த காலம் அது. ஒரு மாலை, காய்ச்சலில் நினைவு தடுமாறிய ஒரு மாணவனை ஏற்றிக்கொண்டு மல்லாவி நோக்கிப் புறப்பட்டேன். பாதிவழியில் யந்திரத்தின் அடியில் 'டக் டக்' என்று சத்தம் எழுந்தது. சிறிது தூரத்தில் வண்டி இறுகி நின்றது. இருள் சூழ்ந்த காட்டுப்பாதை. பின்னாசனத்திற் பையனின் தாயார் எதுவும் பேசாமல் அவன் தலையை மடியில் வைத்திருந்தார். வெகுநேரத்தின் பின் வந்த ஓர் உழவு யந்திரப் பெட்டியில் அவனை ஏற்றி அனுப்பினோம். பையன் பிழைத்தான். அது அவனுடைய தாயாரின் புண்ணியம். என்னுடைய திறமை அன்று.

மறுநாள் அடித்தக்கையைத் திறந்தபோது, ஒயில் தண்ணீர்போல் ஓடியது. மண்ணெண்ணெய் வாடை வீசியது. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டரின் சுவர் வழியே கீழிறங்கி ஒயிலோடு கலந்து, அதன் வழுவழுப்பைக் கெடுத்து, பெயறிங்கைத் தின்றுவிட்டது. மட்டம் குறையாமல் நின்றதன் மர்மம் அதுவே. பாயிற் படுத்திருந்த தந்தையார் சொன்னது இன்றும் என் காதில் ஒலிக்கிறது: "மட்டம் குறையேல்லை எண்டு சந்தோஷப்படாதை தம்பி, ஏன் குறையேல்லை எண்டு கேள்." கைவிட்ட ஒரு காரிலிருந்து பெயறிங் தேடிப் பொருத்தப் பல வாரங்கள் சென்றன. அதன்பின் ஒயிலை முகராமல் நான் வண்டியை எடுத்ததில்லை. சரித்திரம் கற்பிக்கும்போதும் இந்த வாக்கியத்தை என் மாணவர்க்குச் சொல்வதுண்டு.

அக்காலத்தை நான் புகழ்ந்துபாட வரவில்லை. மண்ணெண்ணெய்ப் புகை கண்ணை எரித்தது; நெஞ்சை அடைத்தது. சூடான யந்திரத்தருகே பெற்றோற் போத்தலைத் தொங்கவிட்டு ஓடுவது நெருப்போடு விளையாடுவதேயாகும். தேவை எங்களை வல்லவர்களாக்கியது உண்மை. ஆனால் அந்தத் தேவை வராதிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

2002ஆம் ஆண்டு போர்நிறுத்த உடன்படிக்கை ஏற்பட்டது, ஏ-9 பாதை திறந்தது, பெற்றோலும் வந்தது. 2006இற் பாதை மீண்டும் மூடப்பட்டது. 2009ஆம் ஆண்டு மே மாதம் யுத்தம் முடிந்தபோது, முள்ளிவாய்க்காற் கரையோரத்தில் மக்கள் விட்டுவந்த வாகனங்கள் குவியல் குவியலாகக் கிடந்தன. எங்கள் சொமசெற்றும் அவ்வழியிலே ஓரிடத்தில் நின்றுபோயிற்று. அதைத் தேடி நான் போகவில்லை; மனிதரை இழந்தவர்கள் நடுவே காரை இழந்ததைப் பேச நா எழவில்லை.

2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, என் மாணவர் சிலர் வந்து, "சேர், அந்த நாளிலே எப்படி ஓடினீர்கள்?" என்று கேட்டார்கள். இக்காலக் கார்களில் கணினியே எண்ணெயை அளந்து தெளிக்கிறது. அவற்றில் மண்ணெண்ணெய் ஊற்றினால் கார்தான் கெடும் என்று எச்சரித்தேன். ஆயினும் அவர்கள் கேட்டதில் மகிழ்ந்தேன்.

நேயர்களே, அந்த வித்தையை அறிந்த கராஜ்காரர்களும் சாரதிகளும் இன்று முதுமையடைந்துவிட்டார்கள். அவர்கள் எழுதிவைத்தவர்கள் அல்லர், கேட்டாற் சொல்வார்கள். உங்கள் ஊரில் அத்தகைய ஒருவர் இருந்தால், ஒரு மாலைப்பொழுது அவரருகே அமர்ந்து, எந்த வருடம், எந்த வண்டி, எதைக் கொண்டு எதைத் திருத்தினார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தாம் செய்த பிழைகளையும் சொல்லும்படி கேளுங்கள். அந்தக் குறிப்புகள் நாளை இந்நாட்டின் சரித்திரத்தை எழுதுவோர்க்குப் பயன்படும்.