எல்லைக்கோட்டில் ஜூலியா

முதல் உலகப்போரில், 1915 ஜனவரியில், பிரெஞ்சுப் படையிலிருந்த கணிதர் காஸ்தோன் ஜூலியாவின் மூக்கைக் குண்டு பறித்துவிட்டது. அதன்பின் ஆயுள் முழுக்க முகத்தின் குறுக்கே ஒரு தோல்பட்டை. அறுவை சிகிச்சைகளுக்கு இடையே, மருத்துவமனையிலேயே கணக்குப் போட்டார். 1918இல் 199 பக்க ஆய்வுரை வெளிவந்தது; அப்போது வயது 25.

அதில் அவர் ஆராய்ந்ததன் எளிய வடிவம் இது: ஓர் எண்ணை வர்க்கப்படுத்தி, மாறாத இன்னோர் எண்ணைக் கூட்டி, வந்த விடையை மறுபடி வர்க்கப்படுத்திக்கொண்டே போகவேண்டும். சில புள்ளிகள் முடிவிலிக்கு ஓடிவிடும், சில ஓடாமல் அங்கேயே சுற்றும். இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லைதான் ஜூலியா கணம்.

இரவுகளில் மடிக்கணினியில் நான் வரைவது அதைத்தான். சீக்கிரம் ஓடிய புள்ளிக்கு நீலம், தயங்கித் தயங்கிப் போனதற்கு மஞ்சள், தங்கியதற்குக் கறுப்பு. எல்லையை எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் நெளிவு தீராது. ஒட்டி நிற்கும் இரு புள்ளிகளில் ஒன்று தங்கும், மற்றது போய்விடும். அந்தப் போர்முனையில் ஜூலியாவை ஒட்டி நின்றவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள்? மனிதன் பிழைப்பது தகுதியாலா, நின்ற இடத்தாலா? இடத்தால்தான் என்று எனக்குப் படுகிறது.

ஜூலியாவிடம் பாரிஸில் படித்த கணிதர் மாண்டல்பிராட்தான், இப்படி நெளிவு தீராத உருவங்களுக்கு 1975இல் 'ஃபிராக்டல்' என்று பெயர் வைத்தவர். தன் பெயரால் வழங்கும் கணத்தை அவர் ஐபிஎம் கணினியில் வரைந்து பார்த்தது 1980இல். ஜூலியா 1978 மார்ச்சிலேயே காலமாகிவிட்டார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.