வீடே பள்ளிக்கூடமானால் பெற்றோர் எப்போது நடப்பது? வெளிநாடு செல்லும் குடும்பங்களுக்கு ஒரு விளக்கம்

கணவருக்கோ மனைவிக்கோ வெளிநாட்டில் வேலை. இரண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்தம். போய் இறங்கிய பிறகுதான் தெரிகிறது, பக்கத்துப் பள்ளியில் இடமில்லை அல்லது கல்வியாண்டு பாதி ஓடிவிட்டது. "கொஞ்ச நாளைக்கு நாமே வீட்டுல சொல்லிக்கொடுப்போமே" என்று தொடங்குகிறது ஹோம்ஸ்கூலிங். சிலர் விரும்பியே அதைத் தேர்ந்தெடுக்கின்றனர். இன்னும் சிலருக்குப் பிள்ளையின் தேவை அப்படி.

எந்தப் பாடப்புத்தகம், கணிதத்துக்கு எந்தச் செயலி என்றெல்லாம் பெற்றோர் இணையத்தில் நிறையத் தேடுகின்றனர். அவ்வளவாகத் தேடாத ஒன்று உண்டு: சொல்லிக்கொடுப்பவரின் உடம்பு. காலையில் ஆசிரியர், நடுப்பகலில் சமையல், மாலையில் மறுபடியும் அம்மா அல்லது அப்பா. எல்லாம் ஒரே வீட்டுக்குள், பல நேரம் ஒரே மேசையில். சில மாதங்களில் நடப்பதே குறைந்துபோகிறது. அதை எப்படிச் சமாளிப்பது?

அதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்.

போகும் நாட்டில் ஹோம்ஸ்கூலிங் செய்யலாமா?

சிங்கப்பூரில் கட்டாயக் கல்விச் சட்டம் 2003இல் நடப்புக்கு வந்தது. 6 வயதைத் தாண்டிய, 15 வயதாகாத சிங்கப்பூர்க் குடிமக்கள் இங்கு வசித்தால் அது பொருந்தும். வீட்டில் கற்பிக்க விரும்பும் பெற்றோர் கல்வி அமைச்சிடம் விலக்குப் பெற வேண்டும். அந்தப் பிள்ளைகளும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுதியாக வேண்டும்.

வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்த பிறகு அந்த நாட்டுச் சட்டம்தான் பேசும். அது நாட்டுக்கு நாடு தலைகீழாக மாறும்.

இங்கிலாந்தில் வீட்டில் கற்பிப்பதற்குச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, பிள்ளைக்கு ஏற்ற முழுநேரக் கல்வி கிடைக்க வேண்டும். அது பள்ளியில்தான் கிடைக்க வேண்டும் என்றில்லை. தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் கட்டாயமும் இல்லை. அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் ஹோம்ஸ்கூலிங்கிற்கு அனுமதி உண்டு, ஆனால் விதிமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஆஸ்திரேலியாவிலும் மாநில அளவில்தான் பதிவு. சிங்கப்பூரர்கள் பலர் குடியேறும் பெர்த், மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தில் இருக்கிறது. அங்கு பதிவு செய்த குடும்பத்தை மதிப்பீட்டாளர் ஒருவர் சந்தித்து, என்ன கற்பிக்கப்படுகிறது, பிள்ளை எப்படி முன்னேறுகிறது என்று பார்ப்பார்.

ஜெர்மனி அப்படியல்ல. பிள்ளை பள்ளிக்குப் போயே தீர வேண்டும். மறுத்த பெற்றோர் ஒரு வழக்கை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள். 2019இல் தீர்ப்பு ஜெர்மனிக்குச் சாதகமாக வந்தது. சுவீடனில் 2011 முதல் அசாதாரணச் சூழல்களில் மட்டுமே அனுமதி. பிரான்சில் முன்பு அதிகாரிகளுக்குத் தெரிவித்தால் போதும். 2022 கல்வியாண்டிலிருந்து முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், அதுவும் 3 வயதுப் பிள்ளைக்கே!

விசா வகையைப் பொறுத்தும் நிபந்தனைகள் மாறலாம். அதனால் விமானச்சீட்டு வாங்குவதற்கு முன்பே இதை உறுதிசெய்துகொள்வது நல்லது.

நடை எங்கே காணாமல் போகிறது?

சிங்கப்பூரில் நாம் 'உடற்பயிற்சி' என்று நினைக்காமலேயே நிறைய நடக்கிறோம். பிள்ளையைப் பள்ளியில் விட, புளோக்கிலிருந்து எம்ஆர்டி நிலையத்துக்கு, ஈரச்சந்தைக்கு, உணவங்காடிக்கு. தேக்காவுக்கு மீன் வாங்கப் போய்த் திரும்பினாலே ஒரு நல்ல நடை.

பெர்த்தின் புறநகரில் பால் வாங்கக்கூடக் கார் எடுக்க வேண்டியிருக்கும். பிள்ளை வீட்டிலேயே படிப்பதால் பள்ளிக்குப் போய்வரும் நடையும் இல்லை. உணவங்காடி இல்லை, எனவே மூன்று வேளையும் வீட்டுச் சமையல். இல்லப் பணிப்பெண் இல்லை, தாத்தா பாட்டியும் பக்கத்தில் இல்லை. நாள் முழுக்க வேலை செய்து களைத்துப்போயிருப்போம். ஆனால் கைத்தொலைபேசி காட்டும் காலடி எண்ணிக்கை 2,000ஐக்கூடத் தொட்டிருக்காது. களைப்பு வேறு, உடல் இயக்கம் வேறு.

மணிக்கணக்கில் மேசையில் உட்கார வைக்கும் இன்னொரு காரணமும் உண்டு. பலர் பள்ளி நேரத்தை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவரப் பார்க்கின்றனர்: காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை. பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு 30, 40 மாணவர்கள். வரிசையில் நிற்பது, வகுப்பு மாறுவது, ஓய்வு நேரம் எல்லாம் அந்த ஆறு மணி நேரத்துக்குள் அடக்கம். ஒரே பிள்ளைக்கு நேருக்கு நேர் சொல்லிக்கொடுக்கும்போது தொடக்கநிலைப் பாடங்கள் இரண்டு, மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடுவது சாதாரணம். மீதி நேரத்தையும் பயிற்சித்தாள் வைத்து நிரப்பினால் பிள்ளைக்கும் அலுப்பு, சொல்லிக்கொடுப்பவருக்கு முதுகுவலி.

எவ்வளவு இயக்கம் தேவை?

உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்வது இது. பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடல் இயக்கம். மிதமானது என்றால்? பேச முடியும், ஆனால் பாட முடியாது, அந்த வேகம். அதோடு தசையை வலுப்படுத்தும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும். 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம்.

ஹோம்ஸ்கூலிங் பெற்றோருக்குப் பயனுள்ள மாற்றம் ஒன்று அந்த வழிகாட்டியில் இருக்கிறது. ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு சொல்லப்பட்டது. 2020இல் அதை எடுத்துவிட்டார்கள். ஏழு நிமிடம் வேகமாக நடந்தாலும் அது கணக்கில் சேரும். "முழுசா ஒரு மணி நேரம் கிடைச்சா ஜிம்முக்குப் போவேன்" என்று காத்திருக்கத் தேவையில்லை. அந்த ஒரு மணி நேரம் எப்படியும் கிடைக்கப்போவதில்லை!

வீட்டு வேலை கணக்கில் வருமா? மூச்சு வாங்கும்படி தரை துடைத்தால் வரும். சாம்பாரைக் கிண்டுவது வராது.

நமக்கு இது அழகு பற்றிய விஷயமல்ல. இந்தியர்களுக்கும் மற்ற தெற்காசியர்களுக்கும் இரண்டாம் வகை நீரிழிவு இளம் வயதிலேயே, அதிக எடை இல்லாவிட்டாலும் வரக்கூடும். சிங்கப்பூரில் 2010 தேசியச் சுகாதார ஆய்வில், ஆய்வில் இடம்பெற்ற வயதினரில் இந்தியர்களிடையே 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. சீனர்களிடையே அது 9.7 விழுக்காடு. உடல் எடைக் குறியீட்டெண் 25ஐ எட்டும்போது கவனம் தேவை என்பது பல நாடுகளின் பொதுக் கணக்கு. இங்கோ 23 ஆனாலே கவனிக்கச் சொல்கிறார்கள். வெளிநாட்டு மருத்துவரிடம் போனால் "உங்கள் எடை சரிதான்" என்று அவர் சொல்லக்கூடும். தெற்காசியர்களுக்கான அளவு என்ன என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.

கால அட்டவணையில் எங்கே வைப்பது?

பாடம், சமையல், துணி, எல்லாம் முடிந்தபிறகு நடக்கலாம் என்று வைத்தால் நடை ஒருநாளும் நடக்காது. அதைப் பாடங்களுக்கு நடுவே, ஒரு பாடமாகவே வைப்பதுதான் வழி. பிள்ளைக்கு உடற்கல்வி வகுப்பு என்றால் சொல்லிக்கொடுப்பவரும் கூடவே ஓட வேண்டும், ஓரமாக உட்கார்ந்து கைத்தொலைபேசியைப் பார்க்கக்கூடாது.

பல குடும்பங்களுக்குக் கைகொடுக்கும் எளிய உத்தி, 'பள்ளிக்கு நடந்துபோவது'. காலையில் எல்லாரும் காலணி போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பி, அக்கம்பக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றி, அதே வீட்டுக்குள் திரும்பி வருவது. வந்ததும் வகுப்பு ஆரம்பம். 15 நிமிட நடை. 'வீடு' முடிந்து 'பள்ளி' தொடங்கிவிட்டது என்று பிள்ளைக்கும் புரியும், இரவு உடையிலேயே பாடம் நடத்தும் பழக்கமும் வராது.

வாய்ப்பாட்டைப் படியேறிக்கொண்டே சொல்லலாம். தமிழ்ச் சொற்களை நடந்துகொண்டே பழகலாம்: வழியில் பார்ப்பதற்கெல்லாம் தமிழில் பெயர் சொல்ல வேண்டும், தெரியாததை வீட்டுக்கு வந்து அகராதியில் தேட வேண்டும். தசைப் பயிற்சிக்குக் கருவிகள் வாங்க வேண்டாம். 5 கிலோ அரிசிப் பை போதும். நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவதை 10 முறை செய்து பாருங்கள், தொடை பதில் சொல்லும்.

பிள்ளையின் கண்ணுக்கும் வெளியில் போவது முக்கியம். நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளிப்புறத்தில் இருப்பது கிட்டப்பார்வை வராமல் தடுக்க உதவும் என்று சிங்கப்பூரில் பெற்றோரிடம் தொடர்ந்து வலியுறுத்தப்படுகிறது. அந்த இரண்டு மணி நேரத்தை ஹோம்ஸ்கூலிங் குடும்பத்தால் மற்றவர்களைவிட எளிதாக ஒதுக்க முடியும்.

குளிரும் வெயிலும்

லண்டனில் டிசம்பர் மாதம் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். சிங்கப்பூர் வழக்கப்படி "வெயில் தாழட்டும், சாயங்காலம் போகலாம்" என்று இருந்தால் இருட்டுதான் மிஞ்சும். குளிர்காலத்தில் நேரத்தைத் திருப்பிப் போடுங்கள்: நண்பகலில் வெளியே, இருட்டிய பிறகு பாடம். பள்ளி மணிக்குக் கட்டுப்படாத குடும்பத்துக்குத்தான் அந்த வசதி.

இன்னொன்று, வைட்டமின் டி. பிரிட்டனில் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் எல்லாரும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் மாத்திரை எடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது அந்நாட்டுத் தேசியச் சுகாதாரச் சேவை. தெற்காசியர் போன்ற கருநிறத் தோலுடையவர்கள் ஆண்டு முழுவதும் எடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்கிறது.

பெர்த்தில் பிரச்சினை நேர் எதிர். கோடையில் வெப்பநிலை 40 டிகிரியைத் தொடும் நாள்கள் உண்டு, புற ஊதாக் கதிரும் கடுமை. அங்கு விடிந்ததும் நடை, தொப்பியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம்.

தனியாக எத்தனை நாள்?

பிள்ளையோடு மட்டும் பேசிப் பேசி, பெரியவர்களோடு பேசும் வாய்ப்பே இல்லாமல் போவது பலரையும் வாட்டும். உடற்பயிற்சியையும் மனிதத் தொடர்பையும் ஒரே நேரத்தில் தரும் இடங்களைத் தேடுங்கள். பார்க்ரன் அப்படி ஒன்று. 2004இல் லண்டனின் புஷி பூங்காவில் தொடங்கியது. சனிக்கிழமை காலை, 5 கிலோமீட்டர், கட்டணம் இல்லை. நடந்தே முடிக்கலாம். பிரிட்டனில் 4 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் 2 கிலோமீட்டர் ஓட்டமும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் பல இடங்களில் உண்டு. சிங்கப்பூரில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் முன்கூட்டியே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். அந்த வட்டாரத்து ஹோம்ஸ்கூலிங் குடும்பங்களையும் விசாரியுங்கள். வார நாளில் பூங்காவில் சந்தித்து, ஒருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மற்றவர்கள் ஓடிவிட்டு வருவது நல்ல ஏற்பாடு.

வீட்டில் இன்னொரு பெரியவர் இருக்கிறாரே? வேலைக்குப் போகும் துணைவர் 'உதவி' செய்வதாகப் பேசிக்கொண்டால் அது அவருக்கு நேரம் கிடைக்கும்போதுதான் நடக்கும். செவ்வாய், வியாழன் மாலை 6.30 முதல் 7.15 வரை பிள்ளைகள் அவர் பொறுப்பு என்று நாள்காட்டியில் எழுதிவிடுவது மேல். அலுவலகக் கூட்டத்துக்கு இருக்கும் மரியாதை அதற்கும் இருக்க வேண்டும்.

ஊரில் இருக்கும் பாட்டியையும் அட்டவணையில் சேர்க்கலாம். பெர்த்துக்கும் சிங்கப்பூருக்கும் நேர வேறுபாடே இல்லை. லண்டனில் குளிர்காலக் காலை 10 மணி என்றால் இங்கு மாலை 6 மணி. வீடியோ அழைப்பில் பாட்டி அரை மணி நேரம் தமிழ்க் கதை சொல்ல, அதே அறையில் பெற்றோர் யோகா செய்யலாம். பிள்ளையைத் திரைக்கு முன்னால் தனியாக விட்டுவிட்டு வெளியே போக இதைச் சாக்காக்க வேண்டாம். தமிழ் தினமும் காதில் விழுந்துகொண்டிருந்தால், ஊர் திரும்பிப் பள்ளியில் சேரும்போது தாய்மொழிப் பாடம் அவ்வளவு பயமுறுத்தாது.

எழுதி வையுங்கள்

என்ன கற்பித்தோம் என்பதைத் தேதிவாரியாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைப்பது நல்லது. அதிகாரிகள் கேட்டால் காட்டலாம், சிங்கப்பூர் திரும்பியதும் ஆசிரியரிடம் பிள்ளை எங்கு நிற்கிறது என்று விளக்கவும் உதவும். அதில் உடற்கல்விக்கும் இடம் விடுங்கள். ஆஸ்திரேலியப் பாடத்திட்டத்தின் எட்டுக் கற்றல் துறைகளில் சுகாதாரமும் உடற்கல்வியும் ஒன்று. பெர்த்தில் வீட்டுக்கு வரும் மதிப்பீட்டாளரிடம் கணிதப் பயிற்சித்தாளோடு சேர்த்து, "இந்த வாரம் ஆற்றோரமா நாங்க மூணு தடவை நடந்தோம்" என்பதையும் தாராளமாகக் காட்டலாம்.