அயல் மண்ணிற் துடுப்பாட்டம்

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பர். ஆயினும், அது எந்நாட்டுப் புல் என்பதும் எண்ணற்பாலது. 1952ஆம் ஆண்டு விஜய் ஹசாரே தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணியின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

லீட்ஸ் நகரில் நிகழ்ந்த முதல் டெஸ்ட் போட்டியின் முதலாம் இன்னிங்ஸில் விஜய் மஞ்ச்ரேக்கர் 133 ஓட்டங்கள் பெற்றார். இரண்டாம் இன்னிங்ஸிலோ, ஓர் ஓட்டமும் பெறுமுன்னரே நான்கு விக்கெட்டுகள் வீழ்ந்தன. அவற்றுள் மூன்றை வீழ்த்தியவர், அப்போட்டியிலேயே அறிமுகமான வேகப்பந்து வீச்சாளர் பிரெட் ட்ரூமன். பின்னர் மான்செஸ்டரில், மழையால் நனைந்த களத்தில், இந்திய அணி ஒரே நாளில் 58, 82 ஓட்டங்களுக்கு இருமுறை சுருண்டது.

இது திறமைக் குறைவா? அன்று. உலர்ந்த இந்தியக் களங்களிற் பந்து பெரும்பாலும் தாழ்ந்து, மெதுவாக வரும். இங்கிலாந்தின் ஈரக்காற்றில் அது வளையும். ஈரமண்ணிற் பட்டதும் எதிர்பாரா உயரத்திற்கு எழும். கண் புதுமையைக் காணினும், கால் பழக்கத்தின் வழியே செல்லும்.

லோர்ட்ஸ் களத்தில் 72, 184 எனக் குவித்த வினூ மன்காட், அவ்வாண்டு லங்காஷயரில் கழக ஆட்டக்காரராக இருந்தவர் என்பது கருதத்தக்கது.

1956இல், அதே மான்செஸ்டரில், கடினமான களங்களிற் பழகிய அவுஸ்திரேலியரின் இருபது விக்கெட்டுகளிற் பத்தொன்பதை ஜிம் லேக்கரின் சுழற்பந்து வீழ்த்தியது. மண் மாறினால், வல்லவரும் மீண்டும் மாணவரே.