தோணியும் செபமாலையும்

நம் ஆலயங்களில் புனித பிரான்சிஸ் சவேரியாரின் சுரூபம் பெரும்பாலும் ஒரே கோலத்தில்தான் நிற்கிறது. கறுப்பு அங்கி, அதன்மேல் வெண்ணிற மேலாடை, உயர்த்திய கையில் பாடுபட்ட சுரூபம். அந்தக் கை 1544ஆம் ஆண்டில் உணவுப் பொருள்கள் ஏற்றிய தோணிகளை ஒழுங்கு செய்துகொண்டிருந்தது என்பதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை.

1541 ஏப்ரல் 7இல் லிஸ்பன் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட சவேரியார், பதின்மூன்று மாதங்கள் கழித்து, 1542 மே 6இல் கோவாவில் கரையிறங்கினார். திருத்தந்தையின் தூதர் என்ற அதிகாரப் பத்திரங்கள் அவர் கையில் இருந்தன. அவ்வாண்டின் பிற்பகுதியில் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, அப்பத்திரங்களால் ஆகக்கூடிய காரியம் இங்கே அதிகம் இருக்கவில்லை. பரவ மக்கள் அவர் வருமுன்பே திருமுழுக்குப் பெற்றிருந்தனர்; கற்பிக்கத்தான் ஆளில்லை. எனவே தமிழ் அறிந்த சிலரின் துணையோடு செபங்களை மொழிபெயர்த்து, மனப்பாடம் செய்து, ஊர் ஊராக நடக்கலானார்.

இப்பணி எப்படி நடந்தது என்பதை 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து உரோமைக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கைகள் சோர்ந்து போயினவாம். ஊருக்குள் நுழைந்தால் சிறுவர்கள் சூழ்ந்துகொண்டு, ஏதேனும் ஒரு செபம் கற்றுத்தரும்வரை அவரை உண்ணவோ உறங்கவோ விடவில்லையாம். குருக்கள் நாள்தோறும் தவறாமல் சொல்லவேண்டிய கட்டளைச் செபத்தைக்கூடச் சொல்ல விடவில்லையாம். நோயாளிகள் வீட்டிலிருந்து வந்த அழைப்புகளோ அவர் ஒருவரால் தாங்கக்கூடியவை அல்ல. அதனால் அச்சிறுவர்களையே செபமாலையுடன் அவ்வீடுகளுக்கு அனுப்பினார். செபிக்க இடையூறாக வந்தவர்களே செபிக்கப் போகிறவர்களாயினர்! இது முன்கூட்டி வகுத்த திட்டம் என்று நமக்குத் தோன்றவில்லை. வேறு வழியில்லாத நெருக்கடியில் பிறந்த ஏற்பாடு.

அந்த ஆண்டு முழுவதும் அவர் தம் உடன் ஊழியர் பிரான்சிஸ்கோ மன்சிலாசுக்கு எழுதிய கடிதங்கள் இருபதுக்கு மேல் கிடைத்துள்ளன. ஞானநூல்களில் ஒரு புனிதரின் கடிதங்களைத் தேடிப் படிப்பவர்கள் இவற்றைக் கண்டால் சற்று ஏமாந்துபோவார்கள். கணக்கப்பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டிய பணம், பட்டங்கட்டிகளுக்கு அனுப்பிய ஓலை, சாராயம் குடிக்கும் பெண்களுக்கு விதிக்கவேண்டிய அபராதம் என்று அன்றாடக் காரியங்களாகவே அவை நிரம்பியிருக்கின்றன. இடையிலே ஒரு திருத்தம் வருகிறது. விசுவாசப் பிரமாணத்தில் "எனக்கு வேணும்" என்று மொழிபெயர்த்திருந்த இடத்தில் இனி "விசுவசிக்கிறேன்" என்று சொல்லவேண்டும் என்கிறார். அதுவரை கடற்கரைச் சிறுவர்கள் விசுவாசத்தை அறிக்கையிடவில்லை; விரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிழையிலும் ஓர் அழகு இருந்தது என்றே நமக்குப் படுகிறது.

ஜூன் மாதத்தில் வடுகர் படை கன்னியாகுமரிப் பகுதியில் புகுந்தது. சிலர் சிறைப்பட்டனர்; மற்றவர்கள் கடற்பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் மடிந்துகொண்டிருந்தனர். செய்தி கிடைத்ததும் சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளுடன் புறப்பட்டார். காற்று எதிராக வீசியது. எட்டு நாள் கடலில் தத்தளித்தும் போய்ச் சேர முடியாமல் திரும்பினார். பின்னர் கால்நடையாகவே அங்குச் சென்று அம்மக்களைக் கண்டார். செப்டம்பரில் தூத்துக்குடி மக்கள் தீவுகளுக்கு ஓடியபோது, கொம்புத்துறையிலிருந்தும் புன்னைக்காயலிலிருந்தும் தண்ணீரும் உணவும் ஏற்றிய தோணிகளை அனுப்புமாறு மன்சிலாசை விரட்டி விரட்டி எழுதினார். எதிரி மன்னனுக்குக் குதிரை விற்று, மக்களையும் வருத்தி வந்த போர்த்துக்கீசியத் தலைவன் கோஸ்மே தெ பைவாவும் அத்தாக்குதலில் அடிபட்டான். அவனுக்கும் உதவச் சொன்னார். அது எளிதாக வந்த சொல்லாக இராது.

இவற்றுக்கு நடுவே ஆகஸ்டில் புன்னைக்காயலிலிருந்து எழுதிய ஒரு கடிதம் நம்மை நிறுத்திவிடுகிறது. மொழிபெயர்த்துச் சொல்லும் உதவியாளர் நோயுற்று மணப்பாட்டில் கிடக்க, சவேரியார் தன்னந்தனியே இருக்கிறார். மக்கள் பேசுவது அவருக்குப் புரியவில்லை. அவர் பேசுவது அவர்களுக்கும் புரியவில்லை. ஆயினும் பிறந்த குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கத் துபாசி வேண்டியதில்லை, ஏழைகளின் தேவையை அறியவும் வேண்டியதில்லை என்ற கருத்தை அதில் எழுதுகிறார். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற ஒருவருக்கு மொழியே கைவிட்டுப்போன அந்த நாள்களில் எஞ்சியவை இவ்விரண்டு வேலைகள்தாம்.

அவர் எப்போதும் சமநிலையில் இருந்தார் என்று நாம் சொல்லத் துணியமாட்டோம். மக்களிடம் பொறுமையாயிரும், முரட்டுப் பிள்ளைகளைத் தாங்கும் நல்ல தந்தையைப்போல் இரும் என்று மன்சிலாசுக்கு ஓயாமல் எழுதியவர், தம் நாட்டவர் சிலரின் அடாத செயல்களைக் கண்டு, வாழ்வே சலித்துவிட்டது என்று அவருக்கே எழுதினார். இரவில் நெடுநேரம் செபத்தில் ஆழ்ந்திருந்தார் என்று அவரை அறிந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். பகலில் கிடைக்காத நேரத்தை உறக்கத்திலிருந்துதான் எடுத்திருக்கவேண்டும்.

மன்சிலாஸ் அதிகம் படித்தவர் அல்லர். இலத்தீன் அவருக்குச் சரியாக வரவில்லை. தோணி திரட்டுவதும், குழந்தைகளைக் கூட்டிச் செபம் சொல்லிக்கொடுப்பதுமே அவருடைய நாள்கள். பின்னர் குருப்பட்டம் பெற்றார். 1546இல் மொலுக்காஸ் தீவுகளுக்கு வருமாறு சவேரியார் கட்டளையிட்டபோது அவர் போகவில்லை. கீழ்ப்படியாமைக்காக 1548இல் சவேரியார் அவரை இயேசு சபையிலிருந்து விலக்கினார். பழகிய கரையையும் பழகிய வேலைகளையும் விட மனம் வரவில்லையோ, உடல் ஒத்துழைக்கவில்லையோ, நாம் தீர்ப்பிடுவதற்கில்லை.

மன்சிலாஸ் மட்டும் தம்மை விலக்கியவர் எழுதிய அக்கடிதங்களை எறிந்துவிடவில்லை. தோணிக் கணக்கும் அபராதக் கணக்கும் நிறைந்த அந்தத் தாள்களை அவர் பத்திரமாக வைத்திருந்தார்.