மூடும் உரிமை: கண்டியில் வீதி விதிகளின் வரலாறு

கண்டி நகருக்குள் வண்டியோடு நுழையப் பிரதான வழிகள் மூன்றுதான். மேற்கே பேராதனை, வடக்கே கட்டுகஸ்தோட்டை, கிழக்கே தென்னக்கும்புர. மூன்று இடத்திலும் மகாவலி குறுக்கே ஓடுகிறது. மூன்று இடத்திலும் பாலம். தெற்கே ஹந்தானை மலை, வடகிழக்கே உடவத்தகெலே காடு, நடுவே குளம். கொழும்பிலிருந்து வரும் ஏ-1 வீதி இங்கே முடிகிறது, யாழ்ப்பாணம் போகும் ஏ-9 இங்கே தொடங்குகிறது, மகியங்கனைக்கான ஏ-26 இங்கிருந்து கிழக்கே இறங்குகிறது. மூன்று நெடுஞ்சாலைகளின் போக்குவரத்தை ஒரு கிண்ணத்துக்குள் ஊற்றியிருக்கிறார்கள்.

இந்நகரின் வாகன விதிகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மோட்டார் வண்டியிலிருந்தே கதையைத் தொடங்குகிறார்கள். அப்படித் தொடங்கினால் ஒன்று தப்பிவிடுகிறது. கண்டியின் விதிகளுக்கு அடியில் ஓடுவது வேகக் கட்டுப்பாடோ தரிப்பிடக் கட்டணமோ அன்று. வீதியை மூடும் உரிமை யாருக்கு என்ற கேள்வி. அரசன், ஆளுநர், மாநகர சபை, பொலிஸ், புத்தரின் புனிதத் தந்தம் உள்ள தலதா மாளிகை என்று அந்த உரிமை கைமாறி வந்த பாதையைத் தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முள்கதவும் களிமண் முத்திரையும்

கண்டி அரசு வீதிகளைப் பெருக்க விரும்பவில்லை. மலையும் காடும்தான் அதன் கோட்டை. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் படையோடு ஏறிவரக் கூடிய அகன்ற பாதை இருப்பதே ஆபத்து. ஒற்றையடித் தடங்களில் கடவைகள் அமைத்து, முள்ளால் கட்டிய கதவுகளைத் தொங்கவிட்டு, இரவுபகலாகக் காவல் வைத்தனர். 1660இல் பிடிபட்டு ஏறத்தாழ 20 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தம் நூலில் இந்தக் கதவுகளை விவரிக்கிறார். கடந்து போகக் களிமண்ணில் பதித்த அனுமதி முத்திரை வேண்டும். முத்திரை ஆளுக்கு ஆள் வேறு: படைவீரனுக்குத் தோளில் ஈட்டி ஏந்திய உருவம், கூலிக்குக் காவடித் தண்டில் இரு மூட்டை சுமக்கும் உருவம், வெள்ளையனுக்குத் தொப்பியும் இடைவாளும் உள்ள உருவம். எழுத்தறியாத காவலாளியும் ஒரே பார்வையில் படித்துவிடலாம். இன்று வாகனக் கண்ணாடியில் ஒட்டும் அனுமதிச் சீட்டுகள் பலவற்றைவிட இது தெளிவான ஏற்பாடு என்றே எனக்குப் படுகிறது.

சரக்குப் போக்குவரத்துக்கு அரசனிடம் தனித் திணைக்களமே இருந்தது. மடிகே பத்த எனப்பட்ட அந்த அமைப்பு பொதிமாடுகளை நிர்வகித்தது. அதில் முஸ்லிம்களுக்குப் பெரும்பங்கு இருந்ததை வரலாற்றாசிரியர் லோர்னா தேவராஜா விரிவாக எடுத்துக் காட்டியுள்ளார். உப்பும் கருவாடும் மேலே ஏறின, பாக்கு கீழே இறங்கியது. தவளம் எனப்பட்ட பொதிமாட்டு வரிசைக்கு அகன்ற வீதி தேவையில்லை. வீதியின்மை என்ற கொள்கையோடு அது இசைந்து போயிற்று.

நகருக்குள்ளே நிலைமை வேறு. அரண்மனைக்கு முன் நேர்வீதிகள் ஒன்றையொன்று வெட்டிச் சென்றன. அதிகாரம் எனப்பட்ட முதன்மை அமைச்சர் வெளியே வரும்போது கசை சொடுக்குவோர் முன்னே போய் வழியை ஒதுக்கினர். நாயக்கர் வம்சத்து அரசன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் (1747–1782) காலத்தில், தேவாலயங்களின் விழாவாக இருந்த எசல பெரஹராவில் புனிதத் தந்தம் முதலிடம் பெற்றது. ஊர்வலம் போகும் வீதிகள் மற்ற வீதிகளைவிட உயர்ந்தன. இன்றைக்கும் பெரஹராவின் முன்னணியில் கசை சொடுக்குவோர் வருகிறார்கள். சுற்றுலாப் பயணி அதைப் படம் பிடிக்கிறான், ஆனால் ஒரு காலத்தில் அந்த ஓசை வீதியைக் காலி செய்யும் கட்டளை.

வீதிக்காகக் கட்டாய உழைப்பு

1815இல் கண்டி பிரித்தானியர் கைக்குப் போனதும் கொள்கை தலைகீழானது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பு–கண்டி வீதியை வெட்டுவித்தார். பொறியாளர் கப்டன் டோசனின் நினைவுக் கோபுரம் கடுகண்ணாவையில் 1832 முதல் நிற்கிறது. ஆசியாவின் முதல் தபால் கோச்சு எனச் சொல்லப்படும் வண்டி அதே ஆண்டு இவ்வீதியில் ஓடத் தொடங்கிற்று. 1833இல் பேராதனையில் முதிரை மரத்தாலான ஒற்றை வளைவுப் பாலம் எழுந்தது. வீதி முதலில் படைக்காக, பிறகு கோப்பிக்காக. கோப்பி மூட்டை ஏற்றிய மாட்டுக்கரத்தைகள் நாள்கணக்கில் இறங்கி ஏறின. பாலங்களிலும் பாதைகளிலும் சுங்கம் வசூலிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. தெருவோரத் தரிப்பிடத்தில் கட்டணம் வசூலிக்கும் உரிமையை உள்ளூராட்சி மன்றங்கள் இன்று கேள்விப்பத்திரம் மூலம் தனியாருக்கு விடுவதை அந்தச் சுங்கக் குத்தகையின் பேரப்பிள்ளை என்று சொல்வது மிகையாகாது. பணம் உறுதி, ஒழுங்கு குத்தகைக்காரர் பாடு.

வீதி ஒருவருக்குச் சுமையாகவும் இன்னொருவருக்கு வசதியாகவும் எப்படி ஆகிறது என்பதை 1848 காட்டிற்று. அவ்வாண்டின் வீதிக் கட்டளைச்சட்டம் வயதுவந்த ஆண்கள் ஆண்டில் 6 நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லையேல் 3 சிலிங் கட்ட வேண்டும் என்றது. பிக்குகளுக்கும் முதலில் விலக்கில்லை. துப்பாக்கி, நாய், கடை, கரத்தை எல்லாவற்றுக்கும் வரி. தன் ஊருக்கு வராத வீதிக்கு, தோட்டத் துரையின் கோப்பி போவதற்காக, ஏன் மண் சுமக்க வேண்டும் என்று கிராமத்தவன் கேட்டான். மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சித் தலைவர் புரன் அப்பு அந்த ஆகஸ்டில் கண்டி போகம்பரையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போதைய ஆளுநர் டொரிங்டன் பிரபு பின்னர் திருப்பி அழைக்கப்பட்டார். போகம்பரைக்கு அருகே இன்றைக்கும் டொரிங்டன் என்ற பெயரில் ஒரு பஸ் நிலையம் இருக்கிறது. கண்டியின் பெயர்ப்பலகைகளுக்கு நினைவு அதிகம், கூச்சம் குறைவு.

1865ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க மாநகரசபைக் கட்டளைச்சட்டத்தின் கீழ் கண்டிக்கு மாநகர சபை கிடைத்தது. இரண்டு ஆண்டில், 1867இல், ரயிலும் வந்து சேர்ந்தது. நெடுந்தூரச் சரக்கு இரும்புப் பாதைக்கு மாறியதும் நகர வீதிகள் உள்ளூர் விவகாரமாயின. வண்டிகளுக்கும் விலங்குகளுக்கும் வரி விதிப்பது சபையின் உரிமை. 1916இன் வண்டிகள் கட்டளைச்சட்டம் கரத்தை, ரிக்‌ஷா முதலியவற்றுக்கு அனுமதிப்பத்திர ஒழுங்கைத் தந்தது. மோட்டார் வண்டி பெருகியபின் அதிகாரம் மேலே போயிற்று. 1938இன் மோட்டார் வண்டிக் கட்டளைச்சட்டமும் அதன் இடத்தில் வந்த 1951இன் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் பதிவு, சாரதி அனுமதிப்பத்திரம், வேகம், குற்றம், தண்டம் எல்லாவற்றையும் நாடு முழுமைக்கும் ஒன்றாக்கின. சபையிடம் எஞ்சியது நிலம்: எங்கே நிறுத்தலாம், எங்கே சந்தை, எங்கே பஸ் நிலையம். 1947இன் மாநகர சபைகள் கட்டளைச்சட்டப்படி சபை இயற்றும் துணைவிதிகூட மேலிடத்து ஒப்புதலும் வர்த்தமானி அறிவித்தலும் பெற்ற பிறகே செல்லுபடியாகும்.

மணிக்கூட்டுக் கோபுரத்தடி

பஸ் நிலையத்தின் கதையைத் தனியாகவே எழுத வேண்டும். 1942இன் கட்டளைச்சட்டம் பஸ் சேவைகளுக்கு அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கி, போட்டி ஓட்டத்தை அடக்க முயன்றது. 1958 ஜனவரி 1இல் தனியார் பஸ் கம்பனிகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. 1979இல் தனியாருக்கு மறுபடி கதவு திறக்கப்பட்டது. அதன்பின் கண்டியில் மணிக்கூட்டுக் கோபுரம், குட்செட், டொரிங்டன் என்று நிலையங்கள் போகும் ஊருக்கேற்பப் பிரிந்தன. ஹட்டனிலிருந்து வந்திறங்கும் தோட்டத்து மூதாட்டி மாத்தளை பஸ்ஸைப் பிடிக்க மூட்டையோடு கடைத்தெருவைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கிறது. போக்குவரத்துத் திட்டங்கள் வாகனங்களை எண்ணுகின்றன. ஒரு பஸ்ஸிலிருந்து இன்னொன்றுக்கு நடப்பவரை எண்ணுவது அபூர்வம்.

மணிக்கூட்டுக் கோபுரமே ஒரு வீதி விபத்தின் நினைவுச்சின்னம். மோட்டார் விபத்தில் இறந்த மகனின் நினைவாக ஒரு தந்தை 1950இல் நகருக்குக் கட்டிக் கொடுத்தது. அதன் கீழே நின்று பஸ்களை விரட்டிக்கொண்டிருக்கும் நேரக்காப்பாளருக்கோ, ஊர்ப்பெயரைக் கூவும் நடத்துநருக்கோ இது தெரிந்திருக்கும் என்று தோன்றவில்லை.

1998 ஜனவரி 25

கண்டியின் இன்றைய வீதி அமைப்பைத் தீர்மானித்தது எந்தத் துணைவிதியும் அன்று. 1998 ஜனவரி 25ஆம் திகதி காலை, வெடிமருந்து ஏற்றிய லொறியொன்று தலதா மாளிகை வாசலில் வெடித்தது. விடுதலைப் புலிகளின் தாக்குதல். சுதந்திரத்தின் 50ஆம் ஆண்டு விழா கண்டியில் நடக்க ஒழுங்காகியிருந்த வேளை. விழா கொழும்புக்கு மாற்றப்பட்டது. மாளிகைக்கு முன்னே குளக்கரையோடு ஓடிய வீதித்துண்டு வாகனங்களுக்கு மூடப்பட்டது.

துண்டு சிறியது, விளைவு பெரியது. குயின்ஸ் ஹோட்டல் முனையிலிருந்து கிழக்கே நேராகப் போக முடிந்த வண்டிகள் குளத்தைச் சுற்றி சங்கராஜ மாவத்தையில் திரும்ப நேர்ந்தது. ஒருவழிப் பாதைகள் அதற்கேற்ப மாறின. நெரிசல் அடுத்த வீதிக்கு இடம்பெயர்ந்தது. பாதுகாப்புக்காக வந்த தடை காலப்போக்கில் வேறு நியாயங்களைப் பெற்றது. புனித நகரம் 1988 முதல் உலக மரபுரிமைத் தலம். புகையும் அதிர்வும் கட்டடங்களுக்குக் கேடு. வழிபாட்டுக்கு அமைதி வேண்டும். போர் 2009இல் முடிந்த பிறகும் தடை தொடர்ந்ததற்கு இவையே காரணம். திறக்க வேண்டும் என்று வர்த்தகர்களும் வாகன ஓட்டிகளும் கேட்க, கூடாது என்று பௌத்த பீடங்கள் மறுக்க, விவாதம் அடிக்கடி எழுந்து அடங்குகிறது.

என் கணிப்பில் இரு தரப்பும் பாதி சரி. அந்த வெளி இன்று நகரில் குழந்தையைக் கையை விட்டு நடக்கவிடக் கூடிய மிகச் சில இடங்களில் ஒன்று. ஆனால் அதன் விலையைச் செலுத்துபவர் மாளிகைக்கு வருபவர் அல்லர்; நகருக்குக் கிழக்கே உள்ள திகணையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வருபவர். மூடுவதை ஒரு விதியாக எழுதியிருந்தால் ஈடாக என்ன செய்வது என்பதையும் அதனருகில் எழுத வேண்டியிருக்கும். அவசர நடவடிக்கையாகத் தொடங்கியதால் அந்தக் கேள்வி எழவேயில்லை.

பல கைகளில் ஒரு வீதி

மூடியதை ஈடுசெய்யத் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. பேராதனை வீதிக்கு இணையாக ரயில் பாதையோரம் ஓடும் வில்லியம் கோபல்லாவ மாவத்தை பாரத்தில் ஒரு பங்கைத் தாங்குகிறது. 2014இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய மூலோபாய நகரங்கள் அபிவிருத்தித் திட்டம் வீதிகளையும் நடைபாதைகளையும் தொட்டது. தென்னக்கும்புரவையும் சுதுஹும்பொலையையும் சுரங்கப் பாதையால் இணைக்கும் யோசனை பேசப்பட்டது.

செயலில் இறங்கும்போதுதான் சிக்கல் தெரிகிறது. பிரதான வீதி வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்குச் சொந்தம். கிளைத்தெரு மாநகர சபைக்கு. கட்டடத்தில் எத்தனை தரிப்பிடம் வைப்பது என்பதை நகர அபிவிருத்தி அதிகாரசபையின் விதி சொல்கிறது. மாகாணங்களுக்கிடையே ஓடும் பஸ்ஸுக்குத் தேசியப் போக்குவரத்து ஆணைக்குழு அனுமதி தருகிறது, மாகாணத்துக்குள் ஓடுவதற்கு மத்திய மாகாணத்தின் அதிகாரசபை. தண்டச்சீட்டு எழுதுவது பொலிஸ்; பணம் கட்டுவது நெடுங்காலம் தபாற்கந்தோரில்தான். பிற்பகல் ஒன்றரைக்குப் பாடசாலை விடும்போது வாசலில் இரட்டை வரிசையாக நிற்கும் வேன்களை அப்புறப்படுத்தும் பொறுப்பு யாருக்கு என்று கேட்டால் இவர்களில் நால்வரைச் சுட்டலாம். நடைமுறையில் அது சந்தியில் விசிலோடு நிற்கும் ஒரேயொரு பொலிஸ்காரரின் வேலை.

காற்றும் இந்த அதிகாரச் சிதறலுக்கு அப்பாற்பட்டதன்று. மலைகள் சூழ்ந்த தாழ்நிலத்தில் காலைக் குளிர்க்காற்று புகையை மேலெழ விடுவதில்லை. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீண்ட காலமாக இதை எச்சரித்து வருகின்றனர். 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நின்றது, பிறகு ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை கட்டாயமானது. இரண்டும் தேசிய விதிகள். கிண்ணத்துக்குள் கிடக்கும் நகருக்கென்று தனி அளவுகோல் எதுவும் அவற்றில் இல்லை.

பெரஹரா இரவுகளில் மட்டும் இந்தக் குழப்பம் மறைந்துவிடுகிறது. காலையிலேயே குடும்பங்கள் தலதா வீதி நடைபாதையில் பாயும் பொலித்தீனும் விரித்து இடம்பிடிக்கின்றன. பிற்பகலில் வீதிகள் மூடப்படுகின்றன, பஸ்கள் நகர எல்லையோடு திரும்புகின்றன. எவரும் முறையிடுவதில்லை. நேரமும் எல்லையும் முன்கூட்டியே அறிவிக்கப்படுவதும், மூடுவதற்கான காரணம் எல்லோருக்கும் தெரிவதுமே இதற்குக் காரணம் என்பேன். அந்த ஒழுங்குக்கும் எல்லை உண்டு என்பதை 2025 ஏப்ரல் காட்டிற்று. 16 ஆண்டுகளுக்குப் பிறகு புனிதத் தந்தம் பொதுமக்கள் தரிசனத்துக்கு வைக்கப்பட்டது. கூட்டம் நகரத்தை மூழ்கடிக்கவே, இன்னும் புறப்படாதவர்கள் கண்டிக்கு வர வேண்டாம் என்று பொலிஸார் கேட்டுக்கொண்டனர். ஒரு வீதியை மூடும் அதிகாரம் சட்டத்தில் உண்டு. ஒரு நகரத்தையே மூட வேண்டுகோள்தான் விடுக்க முடிந்தது.

சிதறிய பஸ் நிலையங்களை ஒரே கூரையின் கீழ் கொண்டுவரும் பல்வகைப் போக்குவரத்து முனையத்துக்கு 2020இல் உலக வங்கி நிதி ஒப்புக்கொள்ளப்பட்டது. இடம் குட்செட், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். அங்கே எந்த பஸ் எத்தனை நிமிடம் நிற்கலாம், யார் அனுப்புவது, தாமதித்தால் யார் தண்டம் விதிப்பது என்பவற்றைத் தேசிய ஆணைக்குழு, மாகாண அதிகாரசபை, மாநகர சபை மூன்றும் முதல் பஸ் உள்ளே நுழையுமுன் ஒரே மேசையில் எழுதி முடிக்க வேண்டும். தூண்களை ஒப்பந்தக்காரர் எழுப்பிவிடுவார். இந்தப் பத்திரத்தை எழுத ஒப்பந்தக்காரர் கிடைக்கமாட்டார்.